ஓராள் கூடாரம்

1

எங்கள் வீட்டு நடையில், சப்பாத்துக் கழற்றும் இடத்தில், மூன்று கிழமையாக ஒரு நீளப் பெட்டி கிடந்தது. குசினிக்குப் போவதென்றால் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். என் கணவர் ஒவ்வொரு நாளும் அதில் காலை இடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போவார். இவர் ஏதாவது சொன்னால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லலாம். சொல்லாமல் போகிற மனிசனோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு கூடாரம். கன்வஸ் துணியில் தைத்தது, ஒரேயொரு ஆள் படுக்கலாம். எங்கள் மகள் அபிக்காக நான்தான் தெரிவு செய்து வாங்கினேன்.

நான் ஸ்கந்தபுரத்திலிருந்து டென்மார்க்குக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருஷம். அதைப் பற்றி ஏதாவது எழுதித் தரச்சொல்லி ஊரில் சஞ்சிகை நடத்துகிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். “நல்ல விஷயமா எழுதுங்கோ அக்கா” என்றும் சொன்னாள். எழுத இருந்தால் இந்தப் பெட்டியைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. ஆகவே கூடாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இது நல்ல விஷயமா கெட்ட விஷயமா என்று எனக்கே பிடிபடவில்லை. வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இங்கே கோடை வந்தால் சனி ஞாயிறுகளில் ஒரு கூத்து நடக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு இருந்தவர்களைப்போல உடுத்துக்கொண்டு நூறு இருநூறு பேர் ஒரு வெளியில் கூடுவார்கள். இரும்பு அடிப்பார்கள், நூல் நூற்பார்கள், விறகு மூட்டிக் கஞ்சி காய்ச்சுவார்கள். சனம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகும். உடுத்து வந்தவர்கள் அங்கேயே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். வீட்டில் சுடுதண்ணீரும் மெத்தையும் வைத்திருக்கிறவர்கள், அது ஒன்றும் இல்லாமல் இரண்டு நாள் இருப்பதற்கு மாதக்கணக்காக ஆயத்தம் செய்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் ஒரு ஆயத்தமும் இல்லாமலே கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் என் மகளும் ஒருத்தி. அபிக்கு இருபத்தொரு வயது. ரயிலில் மூன்று மணித்தியாலம் போகவேண்டிய ஒரு நகரத்தில் தங்கிப் படிக்கிறாள். படிப்பது கணினி. சனி ஞாயிறில் செய்வது, வெங்காயத் தோலையும் ஏதோ மரப்பட்டையையும் அவித்துக் கம்பளி நூலுக்குச் சாயம் போடுவது. பனியிலும் சறுக்கலிலும் இழுத்துக்கொண்டுபோய் நான் பரதநாட்டிய வகுப்பில் விட்டபோது, ஆட்களுக்கு முன்னால் சேலை கட்ட வெட்கமாக இருக்கிறது என்று அழுத பிள்ளை இவள். இப்போது கணுக்கால் வரைக்கும் ஒரு சாக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் பார்க்க நிற்கிறாள். கேட்டால் இது வேறையாம், அது வேறையாம். என்ன வேறை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

2

சித்திரை மாதத்தில் ஒருநாள் அபி தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமாக எங்கள் கதை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். சாப்பிட்டியோ, ஓம். குளிரோ, ஓம். படிக்கிறியோ, ஓம். சரி வைக்கிறன். அன்றைக்கு அவள் வைக்கவில்லை.

“அம்மா, உங்களிட்ட ஒரு உதவி கேக்கவேணும்.”

கடைசியாக இவள் என்னிடம் உதவி கேட்டது எப்போது என்று யோசித்தேன். சப்பாத்து நாடா கட்டத் தெரியாத காலமாகத்தான் இருக்கவேண்டும்.

“இந்த முறை எனக்கொரு கூடாரம் வேணும். பிளாஸ்ரிக் எண்டா உள்ளுக்க விடமாட்டினம், கன்வஸ்தான் வேணும். உங்களுக்குத்தானே துணி தெரியும். நீங்களே பாத்து ஒண்டு எடுங்கோ.”

துணி தெரியும் என்று அவள் சொன்னதில் பொய்யில்லை. பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இது பருத்தியா கலப்பா என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் வேலையைப் பற்றி அபி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவளுடைய சிநேகிதிகளின் தாய்மார் ஆசிரியை, தாதி. அதனால் “உங்களுக்குத்தானே துணி தெரியும்” என்ற அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எத்தனை பேருக்கு?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேர் படுக்கக் காணும்.”

அதன்பிறகும் அவள் வைக்கவில்லை.

“வேற ஏதும் கேக்கவேணுமோ அம்மா?”

“இல்லை” என்றேன்.

கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். மற்றது ஆர்? அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு படத்தில் இவளுக்குப் பக்கத்தில் நின்ற பெடியனைக் காட்டி “இவன் ஆர்” என்று கேட்டுவிட்டு, ஒரு மாதம் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். எத்தனை தரம் அழைத்தாலும் எடுக்கமாட்டாள். அன்றிலிருந்து நான் கேள்வி கேட்காத அம்மாவாக மாறிவிட்டேன். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. இருக்கிற இந்த ஒரு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக எட்டப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு கேள்வி பிழைத்தால் முழுதாகப் போய்விடுவாள்.

கணவரிடம் சொன்னேன். அவர் நகர பஸ் ஓட்டுகிறவர், சனி ஞாயிறும் வேலை. தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே, “மற்றது ஆர் எண்டு கேட்டுப் பாருமன்” என்றார்.

“கேட்டாச் சொல்லிப்போடுவாள்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழும்பிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

3

கூடாரம் பார்க்கத் தொடங்கினால் அது ஒரு கடல். மணி கவிழ்த்தமாதிரி நடுவில் ஒற்றைத் தடி நிற்பது ஒன்று, வீட்டுக் கூரைமாதிரி இரண்டு பக்கமும் சரிந்தது ஒன்று. தனிப் பருத்தி, கலப்புத் துணி. சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று பாரக் கணக்கு. புதிதாக வந்ததும் ஒருமுறை நனைத்துக் காயவிட்டால் நூல் பொருமி ஓட்டை அடைபடும் என்று எழுதியிருந்தது. மழையில் நனைந்திருக்கும்போது உள்ளே கை படக்கூடாது, பட்டால் அந்த இடத்தில் ஒழுகும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இதெல்லாம் எனக்கு உடனே விளங்கியது, துணி சம்பந்தப்பட்ட விஷயம்தானே. விளங்காதது ஒவ்வொரு படத்துக்கும் கீழே போட்டிருந்த அந்த இலக்கம். இரண்டு பேர், நான்கு பேர், ஆறு பேர்.

ஊரிலிருக்கும் தம்பி நேசனை வீடியோவில் கூப்பிட்டேன். ஸ்கந்தபுரத்தில் அப்பாவின் வயலை இப்போது அவன்தான் செய்கிறான். அன்றைக்கு உழவு இயந்திரத்துக்கு ஏதோ சாமான் வாங்க மாங்குளத்துக்கு வந்து ஒரு கடை வாசலில் நின்றான்.

“கன்வஸோ? அது எங்கட படங்குதானே அக்கா” என்றான். “வெயிலுக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ, ஊசி ஓட்டை இருந்தாத் தெரியும். பிறகு நாலு மூலையையும் தூக்கிக் கட்டிப்போட்டு நடுவில ஒரு வாளி தண்ணி விடுங்கோ. தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு வந்து அடியைத் தடவிப் பாருங்கோ.”

“படத்திலதானடா பாக்கிறன். படத்துக்க எங்க தண்ணி விடுறது?”

“அப்ப துணியைத் தொட்டுப் பாக்காமலோ வாங்கப்போறியள்?” அவனுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கவேண்டும். “எத்தனை பேர் படுக்கிறது?”

“ரெண்டு பேர்.”

“ஒண்டு பிள்ளை, மற்றது ஆர்?”

“நீ போய் உன்ர சாமானை வாங்கு” என்று வைத்துவிட்டேன்.

அவன் சொன்ன சோதனையை நான் கண்ணால் கண்டவள். வவுனியாவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு அப்பாவோடு போயிருக்கிறேன். நெல்லுக் காயப்போட ஒரு படங்கு, அதே படங்குதான் மழை வந்தால் உழவு இயந்திரத்தின் பின்னால் இழுக்கும் பெட்டியை மூடவும். அப்பா கடை முற்றத்திலேயே தண்ணீர் விட்டுப் பார்த்தார். நானா கோபிக்கவில்லை, தேத்தண்ணீர் வருவித்தார். பெரிசு வேணுமோ சின்னன் வேணுமோ என்று அவர் கேட்கவும் இல்லை. “எத்தனை மூட்டைக்கு?” என்றுதான் கேட்டார். படங்கை மூட்டையால்தான் அளப்பார்கள். ஆளால் அளந்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஆள் படுக்கவில்லை என்றில்லை. அம்மன் கோயில் பொங்கலுக்கு வருஷா வருஷம் அந்தப் படங்கையும் சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவோம். பின்னேரம் போய்ச் சேர்ந்ததும் ஒரு பக்கத்தைப் பெட்டியிலும் மறுபக்கத்தை இரண்டு பாலை மரத்திலும் இழுத்துக் கட்டுவார்கள். கீழே வைக்கோல் பரப்பிப் பாய் விரித்தால் சரி. எங்கள் வீட்டார் எட்டுப் பேர். இருட்டுப்படும் முன்னம் இருபது பேராகிவிடும். உடையார்கட்டிலிருந்து வந்தவர்கள், வழியில் கண்டவர்கள், யாரென்றே தெரியாத ஒரு குடும்பம். அப்பா ஒருவரையும் எண்ணியதில்லை. எங்களை எண்ணுவதென்றால் திரும்பிப் போகும்போதுதான், ஒன்றையும் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பதற்கு.

சண்டைக்கு இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த கதையும் என்னிடம் உண்டு. அதை உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் இருந்தது ஒரு மாரிகாலம், நீங்கள் எவ்வளவு இருந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு மாரியை வைத்துக்கொண்டு நான் இங்கே பெரிய ஆள்போல நடந்திருக்கிறேன். அபியின் பள்ளிக்கூடத்திலிருந்து கூடாரப் பயணம் என்று கடிதம் வரும்போதெல்லாம் “வரமாட்டாள்” என்று எழுதி அனுப்பினேன். மூன்று தரம். “எங்களுக்கு வீடு இருக்கு. நான் படுத்த கூடாரம் எனக்கும் காணும், உனக்கும் காணும்” என்று அவளுக்கும் சொன்னேன். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் போக, அவள் வீட்டிலிருந்து படம் கீறினாள்.

4

இனி என் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

ஒரு படங்குக்குக் கீழே இருபது பேர் படுத்தால் ஒரு தாய்க்கும் பயமில்லை. பெடியனும் இருப்பான், பெட்டையும் இருப்பாள், நடுவில் பத்துப் பேர் குறட்டை விடுவார்கள். இரண்டு பேர் என்றால்தான் பயம். ஆகவே பத்துப் பேர் படுக்கிற கூடாரமாக வாங்கினால் என்ன? இடம் இருந்தால் கூட்டம் தானாக வரும், கூட்டம் வந்தால் காவல் தேவையில்லை. இரண்டு நாளாக இந்த யோசனையில் மிகச் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் அபி அந்த விழாக்காரரின் படிவத்தை அனுப்பினாள். இந்த நாட்டில் ஆயிரம் வருஷம் பின்னுக்குப் போவதற்கும் படிவம் நிரப்பவேண்டும். ஒரு குழுவுக்கு இவ்வளவு நிலம், ஒரு கூடாரத்துக்கு ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர், கயிறும் அதற்குள்ளே அடங்கவேண்டும். தடி மரத்தாலானதாக இருக்கவேண்டும். நெருப்பு இத்தனை மீற்றர் தள்ளி. பத்துப் பேருடையது ஒரு வீடு. அபிக்குக் காரும் இல்லை, ரயிலில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அந்த யோசனை அதோடு சரி.

பெருங்கூட்டத்துக்கு வழியில்லை. இரண்டு பேருக்கு நான் விடமாட்டேன். மிஞ்சியது ஒன்றுதான். ஓராள் கூடாரம். நீளம் இரண்டு மீற்றர், அகலம் ஒருவர் புரண்டு படுக்கக் காணாது. படத்தைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. எவன் வந்தாலும் அவன் உள்ளே வரமுடியாது. ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரு சண்டையும் பிடிக்காமல், துணியாலேயே வேலையை முடித்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். துணி மட்டும் திறமானது. தனிப் பருத்தி, இறுக்கமான நெசவு, இரட்டைத் தையல். அதில் நான் மகளை ஏமாற்றவில்லை.

பெட்டி வந்த அன்று கணவர் வேலையில். நானே பிரித்தேன். துணியை முகர்ந்து பார்த்தேன், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் விட்டுப் பார்க்கத்தான் விருப்பம், குளியலறையில் இடம் காணாது. பிறகு குசினிக்குப் போய் மஞ்சளை ஒரு துளி தண்ணீரில் குழைத்து வந்து, ஒரு மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் நான் ஒருநாளும் பிள்ளைக்கு உடுத்ததில்லை. சுருட்டி வைத்துவிட்டு, பெட்டியிலிருந்த படத்தை அபிக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: “ரெண்டு பேருடையது பாரம் கூட. இது உனக்குக் காணும்.”

5

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. அபி அப்படித்தான் எழுதுவாள், நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வேன்.

“சரி அம்மா. நீங்கள் வரேல்லை எண்டு விளங்குது. பரவாயில்லை.”

வாய்க்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். நான் வரவில்லையா? எங்கே? கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு வாசித்தார். பிறகு நடையில் கிடந்த பெட்டிக்குப் போய்க் குனிந்து அதிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“இது ஓராளுக்கோ?”

“ஓம்.”

“என்ன வேலை பாத்தனீர்? ரெண்டாவது ஆள் நீர்தான்.”

அவர் கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். பங்குனி மாதமே அபி அவரிடம் கேட்டிருக்கிறாள். அம்மாவின் முழங்கால் எப்படி, நிலத்தில் படுத்து எழும்ப ஏலுமோ, கூடாரம் என்றால் ஏசுவாவோ என்று. அவளுடைய குழுவில் எல்லோரும் ஒருமுறை தங்கள் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்களாம். இவளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக விருப்பம். நேரே கேட்கப் பயம். மூன்று கடிதத்தையும் அவள் மறக்கவில்லை.

“நீர் மற்றது ஆர் எண்டு கேப்பீர், அப்ப சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தவள்” என்றார். “நானும் கேட்டுப் பாரும் எண்டு சொன்னனான்தானே.”

ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். உலகத்தில் எல்லாத் தாயும் கேட்கிற கேள்வியை, புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு நான் ஒருத்திதான் கேட்காமல் விட்டேன். இருபது பேர் படுத்த படங்குக்குக் கீழே வளர்ந்தவள், தேடித் தேடி ஓராளுக்கு மட்டும் வாங்கினேன். வெளியே விட்டது என்னைத்தான். வெட்கத்தில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே திருப்பி அனுப்ப வெளிக்கிட்டேன். அதற்கும் ஒரு படிவம். திருப்புவதற்கான காரணம்: பழுது, அளவு பெரிது, அளவு சிறிது, மனம் மாறியது. என் காரணத்துக்கு அதில் கட்டம் இல்லை. “அளவு சிறிது” என்பதில் புள்ளடி போட்டேன். துணியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அடுத்த நாள் கடையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். சின்னப் பிள்ளையின் குரல், நல்ல மரியாதை.

“மூலையில் ஒரு மஞ்சள் கறை தெரிகிறது” என்றாள்.

“கறை இல்லை. நான்தான் வைத்தேன்.”

“எதற்காக?”

இந்த நாட்டு மொழியில் மருந்து, வரி, ஓய்வூதியம் எல்லாம் எனக்குப் பேச வரும். புதுத்துணிக்கு ஏன் மஞ்சள் என்று தமிழிலேயே எனக்குச் சொல்லத் தெரியாது.

“அது நல்லது” என்றேன்.

“கூடாரத்துக்கா? நீர் புகாமல் இருக்கவா?”

“கூடாரத்துக்கு இல்லை. அதில் படுக்கிறவருக்கு.”

அவள் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, தனக்கு அது பிடித்திருக்கிறது என்றும், ஆனால் பாவித்த பொருள் என்ற கணக்கில்தான் அது வரும், திருப்பி எடுக்க ஏலாது, மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னாள். பத்தொன்பது வருஷமாக ஊரான் கறையை எல்லாம் போக்குகிறவள் நான். மஞ்சளுக்கு ஒரே மருந்து வெயில். அந்தக் கிழமை முழுக்க மழை.

6

போன ஞாயிற்றுக்கிழமை அபி கூடாரத்தை எடுத்துப்போக வந்தாள். அடுத்த சனி முதல் விழா. தகப்பன் வேலைக்குப் போய்விட்டார். நான் அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மீனும் வைத்திருந்தேன். அவள் சாப்பிட்டாள், நல்லாயிருக்கு என்றாள், கோப்பையைக் கழுவி வைத்தாள், நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி செய்கிற வேலை எல்லாம் செய்தாள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிந்தது. இதற்கு என்னோடு சத்தம் போட்டிருக்கலாம்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருந்தால், மகள் கேட்டும் வராத அம்மா. உண்மையைச் சொன்னால், மகளைச் சந்தேகப்பட்ட அம்மா. இதில் எது குறைந்த பாவம் என்று அவள் சாப்பிட்டு முடியும்வரை யோசித்தேன். முடிவு வரவில்லை. அவள் நடைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கப் பார்த்தபோது, முடிவு வராமலே வாய் திறந்துவிட்டது.

“அபி, நான் வர விருப்பமில்லாமல் சின்னனா வாங்கேல்லை.”

“பரவாயில்லை அம்மா. உங்களுக்குக் கூடாரம் பிடிக்காது. எனக்குத் தெரியும்.”

“அதில்லை. ரெண்டாவது ஆள் ஒரு பெடியன் எண்டு நினைச்சன்.”

“எந்தப் பெடியன்?”

“எனக்கென்ன தெரியும். ஆரோ ஒரு பெடியன். அவன் உள்ளுக்க வரக்கூடாதெண்டுதான் இதை வாங்கினனான்.”

அபி பெட்டியை விட்டுவிட்டு அதன்மேலேயே இருந்துவிட்டாள். நான் சுவரோடு நின்றேன். மேல் வீட்டுக்காரர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

“ஏன் என்னட்டக் கேக்கேல்லை?”

“கேட்டா நீ போன் எடுக்கமாட்டாய்.”

“அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு அம்மா.” அவளுடைய குரல் உடைந்தது. “நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சு நான் ரெண்டு நாள் அழுதனான். உங்களைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். விறகு அடுப்பில சமைக்கத் தெரிஞ்ச ஆள் எண்டு சொன்னனான். துணி தெரிஞ்ச ஆள் எண்டும் சொன்னனான்.”

“நான் வாறன்” என்றேன். என் முழங்கால் என்னைக் கேட்காமல் வலித்தது. “எனக்குப் படுக்க இடம் வேண்டாம், கதிரையில இருப்பன். நான் செய்தது பிழை அபி. எனக்குப் பயம். நீ எங்களை விட்டிட்டுப் போடுவாய் எண்டு பயம்.”

இதை நான் இருபத்தொரு வருஷத்தில் அவளிடம் சொன்னதில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். சப்பாத்தைப் போட்டாள். ஒன்றைக் கட்டினாள், மற்றதைக் கட்டவில்லை. என்னைப் பார்க்காமல் நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அம்மா. பெடியன் ஒருத்தன் இருக்கிறான்தான்.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அவன் சின்ன வயசிலயிருந்து தாய் தகப்பனோட இதுக்கு வாறவன். அவனிட்டச் சொந்தமாக் கூடாரம் இருக்கு. நாலு பேர் படுக்கலாம், உள்ளுக்க எழும்பி நிக்கலாம், கட்டிலும் இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது எண்டு சொன்னனான். நீங்கள் வாறதெண்டா அதில நானும் நீங்களும் படுக்கட்டாம். தான் இதில படுக்கிறானாம்.”

இதில் என்று அவள் காட்டியது நடையில் கிடந்த பெட்டியை.

எனக்கு வெற்றியா தோல்வியா என்று தெரியவில்லை. அவனை வெளியே விடுவதற்கு வாங்கிய கூடாரம். இப்போது அவனே உள்ளே போகப்போகிறான், தனியாக, நான் நினைத்தபடியே. அவனுடைய கட்டிலில் நான். இதில் நான் கோபிக்கவேண்டிய இடம் எது என்று தேடினேன், அகப்படவில்லை. அபி இன்னும் நாடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது கேட்கவேண்டும் என்று அவள் நிற்பது இந்தத் தடவை எனக்கு விளங்கியது.

“அவன் எவ்வளவு உயரம்?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ரெண்டு மீற்றருக்கு மேல வருவான்.”

“அப்ப கால் வெளியிலதான் கிடக்கும். கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி கொண்டு வரச்சொல்லு” என்றேன்.